என் பெயரைச் சொல்லாதவள்

1

நம் ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்து, போன தையில் ஊருக்குப் போய்க் கல்யாணமும் செய்துகொண்டு, பெண்டாட்டியை அழைத்து வரலாமா வேண்டாமா என்று விழித்துக்கொண்டிருக்கிற பையன்களுக்காக இதை எழுதுகிறேன். அழைத்து வாருங்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவசரக்காரர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டு மூட்டை கட்டலாம்.

கப்பல் ஏறவில்லை என்பதால் எங்களை யாரும் சீமைக்குப் போனவர்களாக மதிப்பதில்லை. ரங்கூனுக்குப் போனவன் ஊருக்கு வந்தால் பாய் விரிக்கிறீர்கள். கோலார் தங்க வயலிலிருந்து நான் வந்தால் "இன்னா தங்கவேலு, இம்மாந்தூரம்தானே" என்கிறீர்கள். குடியாத்தத்தில் காலையில் ரயிலேறினால் சாயங்காலத்துக்குள் இறங்குகிற இடம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே ராஜா வேறு, பாஷை வேறு, பொழுது விடிகிற கணக்கும் வேறு. ஒரு ஷிப்டுக்காரனுக்கு விடிகிறபோது இன்னொரு ஷிப்டுக்காரனுக்கு அஸ்தமிக்கிறது. இங்கே இருக்கிற ஊரிகம் ஸ்டேஷனுக்கு ரயில் வருமுன்பே பவுரிங்பேட்டையிலிருந்து நடந்து வந்தவன் நான். எனக்குத் தெரியும், இது தூர தேசம்தான்.

இதை எழுத உட்காரவைத்தது ஒரு சின்ன விஷயம். போன திங்கட்கிழமை என் மகள் கன்னியம்மாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். சேர்த்தோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நான் சுரங்கத்தில், ஷாப்டுக்குள் இருந்தேன். என் மனைவி பச்சையம்மாதான் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். வாத்தியார் புஸ்தகத்தைத் திறந்து "அப்பன் பேரு?" என்று கேட்டாராம். பச்சையம்மா மகளைப் பார்த்தாளாம். மகள் "தங்கவேலு" என்றாளாம், ஆட்டை அதட்டுகிற தொண்டையில். நான் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் இன்னும் அந்த வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பேரு சொல்றவ மெதுவா சொல்லக்கூடாதா?"

"வாத்தியாருக்குக் கேக்க வேணாவா? நீயே சொல்லியிருக்கலாமில்ல?"

"நான் சொன்னா உங்க நைனாவுக்கு ஆயுசு கொறையும்."

"நான் சொன்னா?"

"நீ சொன்னா எனக்குக் கோவம் வரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது வருஷமாக என்னோடு குடித்தனம் செய்கிறவள் இதுவரை ஒருநாள்கூட என் பெயரைச் சொன்னதில்லை. நம் பக்கத்தில் எந்தப் பெண்தான் புருஷன் பெயரைச் சொல்கிறாள் என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஆனால் நம் ஊரில் சொல்லவேண்டிய அவசியமே வராது. அவள் நடந்து வருகிற தினுசைப் பார்த்தே இன்னார் வீட்டு மருமகள் என்று நாய்க்குக்கூடத் தெரியும். இங்கே அப்படியில்லை. அதில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

2

கல்யாணமான பங்குனியில் அவளை அழைத்து வந்தேன். வரும் வழியெல்லாம் எங்கள் இடத்தைப் பற்றி அளந்துகொண்டே வந்தேன். ஆவியில் ஓடுகிற இயந்திரம், பாதாளத்துக்கு ஆளை இறக்குகிற கேஜ், இரவும் பகலும் கல்லை இடிக்கிற மில் என்று எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கெணறு எங்க கீது?" என்று மட்டும் கேட்டாள். கிணறு இல்லை, லைன் கடைசியில் தொட்டி இருக்கிறது, அங்கேதான் எல்லாரும் தண்ணீர் பிடிப்பார்கள் என்றேன்.

லைன் என்றால் மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும். ஒரு வரிசைக்கு இருபது வீடு. அப்படி எங்கள் மேட்டில் மட்டும் பதினைந்து வரிசைக்குமேல் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே உயரம், ஒரே வாசல், ஒரே தட்டி. கட்டின மேஸ்திரிக்கே அடையாளம் தெரியாது.

நாலாம் நாள் குடத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனவள் திரும்பி வரும்போது வழி தவறிவிட்டாள். ஒரு லைனுக்குள் நுழைந்து எண்ணிக்கொண்டு போய்த் தட்டியைத் தள்ளினால் உள்ளே வேறு யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்னொரு லைனில் இன்னொருவன். காவல்காரன் வந்து, "யாரு வூடும்மா நீ? வூட்டுக்காரன் பேரு இன்னா?" என்று கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெயரைச் சொன்னால் கொண்டுவந்து விட்டிருப்பான். அவளால் சொல்ல முடியவில்லை. அவன் தெலுங்கில் கேட்டான், கன்னடத்தில் கேட்டான், பைத்தியம் என்று நினைத்துப் போய்விட்டான்.

நான் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தால் அடுப்பில் பூனை படுத்திருந்தது. தேடிக்கொண்டு போனேன். மேட்டின் ஓரத்தில், கல்பொடி கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், நிறைகுடத்தை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் பிடித்த தண்ணீர். ஒரு சொட்டு சிந்தவில்லை. என்னைப் பார்த்ததும் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஆடிக்கு எங்கண்ணன் அழைக்க வருமில்ல. அதோட போயிடறேன். திரும்பி வரமாட்டேன்."

"ஒருநாள் வழி தப்பினதுக்கா?"

"வழி தப்பினதுக்கு இல்ல. நான் இன்னார்னு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. காலையிலேருந்து உக்காந்தே இருந்தேன், செத்திருந்தாலும் யாரு எவன்னு தெரியாம பொதைச்சிருப்பாங்க."

 பங்குனியிலிருந்து ஆடி வரை நாலு மாசம் இருந்தது. நான் கல்லில் துளை போடுகிறவன், எத்தனை கெட்டிப் பாறை என்றாலும் உளி வைக்க ஓர் இடம் இருக்கும் என்று நம்புகிறவன். பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

3

முதலில் நான் செய்த புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். சுண்ணாம்பைக் குழைத்து எங்கள் வீட்டுத் தட்டியில் முழ உயரத்துக்கு ஒரு வேல் வரைந்தேன். லைனில் எங்கே நின்று பார்த்தாலும் தெரியும். பச்சையம்மா அதைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள். மூன்று நாள் வழி தப்பாமல் தண்ணீர் கொண்டுவந்தாள். நாலாம் நாள் எதிர்வீட்டுக்காரன் ஒரு வேல் வரைந்தான். வாந்திபேதி வராமல் இருக்க நான் மந்திரித்து வரைந்ததாக யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று லைனில் தட்டிக்குத் தட்டி வேல். வேதக்காரர்கள் வீட்டில் மட்டும் சிலுவை. மறுபடியும் பச்சையம்மா வீடு தெரியாமல் குடத்தோடு நின்றாள்.

அடுத்தது பாஷை. தெருவில் தலைச்சுமையாக அரிசி விற்கிற ஒரு கன்னடத்துக்காரி "அக்கி, அக்கி" என்று கூவிக்கொண்டு வருவாள். கன்னடத்தில் அரிசிக்கு அக்கி என்று பெயர். நமக்கு அக்கி என்றால் உடம்பில் கொப்புளம் கொப்புளமாக வருவது. பச்சையம்மா அவளுக்கு இரக்கப்பட்டு, ஒரு கைப்பிடி வேப்பிலையும் கொஞ்சம் காவிமண்ணும் கொண்டுபோய்க் கொடுத்து, எந்த இடத்தில் பூசவேண்டும் என்று ஜாடையில் காட்டியிருக்கிறாள். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டு அரைப்படி அரிசியை இவள் முறத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். வேப்பிலைக்கு அரிசி கொடுக்கிற ஊரைப் பார்த்ததே இல்லை என்று என்னிடம் சொன்னாள். விஷயத்தை விளக்கினபோது வெட்கத்தில் இரண்டு நாள் வாசலுக்கே வரவில்லை.

இன்றைக்கு அதே பச்சையம்மா கன்னடத்தில் பேரம் பேசுவதைக் கேட்டால் நான் நடுங்குகிறேன். மகளோ ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னால் ஒந்து, எரடு என்கிறாள். நம் ஊரை "உங்க ஊரு" என்கிறாள். அதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சில் சுருக்கென்று தைக்கிறது, மறைக்கவில்லை. பச்சையம்மாவுக்கு அதெல்லாம் இல்லை. "பொறந்தது இங்க. அவ ஊரு இது. வேற எதைச் சொல்லுவா?" என்று கேட்கிறாள்.

அவளை இந்த ஊருக்குள் உண்மையில் இழுத்துவிட்டது பக்கத்து வீட்டுச் சவரியம்மா. இவளைவிட ஒரு வயது இரண்டு வயது மூத்தவள், வேதக்காரி, பேசினால் ஷாப்டுக்குக் கீழே கேட்கும். தொட்டியடியில் ஒருநாள் "உன் வூட்டுக்காரரு பேரு இன்னாடி?" என்று கேட்டிருக்கிறாள். இவள் வழக்கம்போலக் குனிந்திருக்கிறாள். விட்டுவிடுகிற ஜாதியா சவரியம்மா? சொல்லாவிட்டால் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

புருஷன் பெயரைச் சொல்லாதவள் அந்தப் பெயர் ஒட்டின வார்த்தையையும் சொல்லமாட்டாள் அல்லவா? இவள் எந்த வார்த்தையை விழுங்குகிறாள் என்று தொட்டியடிப் பெண்கள் எல்லாருமாகச் சேர்ந்து கவனிக்க ஆரம்பித்தார்கள். அதிகம் கஷ்டப்படவில்லை. "இந்த ஊர்ல பூமிக்குக் கீழ இன்னாடி எடுக்கறாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். "மஞ்சளா ஒண்ணு எடுக்கறாங்களே, அது" என்றாளாம். தங்க வயலில் குடியிருந்துகொண்டு தங்கம் என்று சொல்லாத ஒரே ஜீவன் அவள்தான் என்று அப்போது நினைத்தேன். "உனக்குக் கூடப்பொறந்தவங்க யாரு?" என்றால் "ஒரு அண்ணன், எனக்குப் பின்னால பொறந்தவ ஒருத்தி." தங்கச்சி என்று வாயில் வராது. "இங்கியே தங்கப்போறியா, ஊருக்கு ஓடிடுவியா?" என்று கேட்டால் "இருக்கமாட்டேன், போயிடுவேன்." அதிலும் அந்த வார்த்தை கிடையாது.

"தங்கப்பனா?" என்றாள் ஒருத்தி. இவள் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தங்கராசா?" அப்போதும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சவரியம்மா மெல்ல "தங்கவேலா?" என்றாள். பச்சையம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாளாம். பின்னால் தொட்டியடியே சிரித்ததாம். அன்று சாயங்காலம் அவள் என்னிடம் சண்டைக்கு வந்தாள், வேறு பெயரே கிடைக்கவில்லையா உங்கள் வீட்டில் என்று.

ஆனாலும் ஆடிக்குப் போவேன் என்ற பேச்சு மட்டும் மாறவில்லை. வைகாசி போய் ஆனியும் பிறந்துவிட்டது.

4

என் இரண்டாவது புத்திசாலித்தனம் நம்பர். எங்கள் வேலையில் ஆளுக்கொரு பித்தளை வில்லை உண்டு, அதில் நம்பர் அடித்திருக்கும். ஷாப்டு வாசலில் ஒரு பெரிய பலகையில் ஆணி ஆணியாக அடித்து, ஒவ்வோர் ஆணிக்கும் கீழே அதே நம்பரை எழுதியிருப்பார்கள். இறங்கும்போது நம் வில்லையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஏறி வந்ததும் ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான். புருஷன் பெயரைத்தானே சொல்லக்கூடாது, நம்பரைச் சொன்னால் எந்தச் சாமியும் கோபிக்காது என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாள். அஞ்ஞூத்திப் பதினாலு. அடுப்பு ஊதும்போதுகூடச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். லைன் காவல்காரனே "இன்னா அஞ்ஞூத்திப் பதினாலு, தண்ணி வந்துச்சா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள் ஏணியில் இறங்கும்போது இடுப்புக் கயிறு அறுந்து என் வில்லை கீழே அடிகாணாத தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. ஆபீசில் சொன்னேன். வேறு வில்லை கொடுத்தார்கள், எழுநூத்தி முப்பத்தொண்ணு. வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு நான் என்றால் அந்தப் பழைய நம்பர்தான் என்பது எனக்கு மறந்துபோயிற்று.

அதற்குப் பத்துநாள் கழித்து பூமி உதறியது. ஆழத்தில் பாறை தானாக வெடித்தால் மேலே லைனில் சட்டிபானையெல்லாம் உருளும். என்ன என்று கேட்கமாட்டார்கள், பெண்கள் எல்லாரும் அப்படியே ஷாப்டு வாசலுக்கு ஓடுவார்கள். நான் வெடித்த இடத்துக்கு மேலே வேறு லெவலில் இருந்தேன், எனக்கு ஒன்றுமில்லை. உதறலில் கல் உருண்டு எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்குக் கால் நசுங்கியிருந்தது. அவனோடு முதல் கேஜில் ஏறி, வில்லையை மாட்டிவிட்டு, பெண்கள் ஓடிவந்து சேருமுன்பே அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். வாசலில் நடந்ததெல்லாம் சவரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பச்சையம்மா எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு கம்பிக்கதவைப் பிடித்தாளாம். "அஞ்ஞூத்திப் பதினாலு" என்றாளாம். குமாஸ்தா பலகையைப் பார்த்துவிட்டு, "ஆணி காலிம்மா. ஆளு கீழதான் கீறான்" என்றாராம்.

அதற்குப் பிறகு ஒரு கேஜில் வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். அடுத்த கேஜ் வந்தது. "இப்ப பாருங்க" என்றாள். காலி. அதற்கடுத்த கேஜ். காலி. தண்ணீருக்குள் கிடக்கிற வில்லை எப்படி ஆணிக்கு வரும்? அவளுக்கு முகம் செத்துப்போய்விட்டது. குமாஸ்தாவும் மனுஷன்தானே, இரக்கப்பட்டு "பேரு சொல்லும்மா, பேர்ப் புஸ்தகத்துல பாக்கறேன்" என்றார்.

அவள் வாயைத் திறந்தாளாம். உதடு அசைந்ததாம். சத்தம் வரவில்லை. இன்றைக்குச் சொன்னால் இன்றைக்கே ஆயுசு போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ, கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாளாம்.

அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து சவரியம்மா "தங்கவேலு" என்று கத்தினாள். பக்கத்தில் நின்றவளும் கத்தினாள். தொட்டியடி முழுக்க அங்கேதானே நிற்கிறது. தமிழ்க்காரி, தெலுங்குக்காரி, அரிசி விற்கிற அந்தக் கன்னடத்துக்காரிகூட, "தங்கவேலு, ரெண்டாவது லைனு, குடியாத்தத்துத் தங்கவேலு" என்று ஒரே கூச்சல். தன் புருஷனை உள்ளே விட்டுவிட்டு வாசலில் நிற்கிறவள் ஒவ்வொருத்தியும் அந்த நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டாள். ஆறாவது லைனில் என் பெயரே உள்ள இன்னொருவன் உண்டு. அவன் பெண்டாட்டி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு, பச்சையம்மாவைக் கையால் காட்டிக் காட்டி ஜாடை செய்தாளாம்.

குமாஸ்தா புஸ்தகத்தைப் புரட்டி, "எழுநூத்தி முப்பத்தொண்ணு. வில்ல ஆணியில கீது. எப்பவோ ஏறிட்டான், போம்மா" என்றார்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பக்கமாக வந்தேன். முன்னே பின்னே பார்த்திராத பெண்களெல்லாம் என்னைத் திட்டினார்கள். பச்சையம்மா வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"நம்பரு மாறினா சொல்லமாட்டியா நீ?"

அவள் என்னை 'நீ' என்றது அன்றுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குற்றம் என்மேல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊரில் காலூன்ற வழி சொல்லித் தருகிறேன் என்று கிளம்பி, கடைசியில் ஒரு பித்தளைத் துண்டை அவள் கையில் கொடுத்து நம்பவைத்திருந்தேன். ஆனால் நான் துளை போட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவள் தொட்டியடியில் தன் ஊரைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இங்கே பத்து வருஷத்துக்குமேல் இருந்த எனக்குக்கூட என் பெயரைச் சொல்லிக் கத்த அத்தனை பேர் இல்லை.

5

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கையில் அவள் அண்ணன் கோவிந்தன் வந்தான். புடவை, தேங்காய், வெல்லம் என்று சீர்த்தட்டோடு வந்தான். பாறை வெடித்த செய்தி நம் ஊருக்குப் போயிருந்தது, போகிற வழியில் பெருத்தும் இருந்தது. நாற்பது பேர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டு மாமியார் மூன்று நாள் சாப்பிடவில்லையாம்.

அவன் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. வாசலில் சவரியம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றதும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு கட்டி வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தங்கையிடம் சொன்னான்:

"துணியெல்லாம் எடுத்துக்கோ பாப்பா. ஆடி முடிஞ்சாலும் நீ அங்கியே இரு. இந்தக் குழிமேட்டுக்கு இனிமே அனுப்பறதில்லன்னு அம்மா சொல்லிடுச்சி. மாப்ள வேணும்னா வேலைய விட்டுட்டு வரட்டும்."

 அவளே நாலு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானே? ஊருக்குப் போய்ப் பிழைக்கவும் எனக்கு அங்கே ஒன்றுமில்லை. அவள் போய்விட்டால் எழுநூத்தி முப்பத்தொண்ணு என்ற ஆணிக்கு நான் ஒரு வில்லை, அவ்வளவுதான் என்று தோன்றியது. அழுகையை மறைக்கச் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

பச்சையம்மா புடவையைப் பிரித்துப் பார்த்தாள், மடித்தாள், மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆடி மொறைக்கு வரேண்ணா. அம்மா கையால சாப்பிடணும்னு எனக்கும் ஆசையாத்தான் கீது. ஆவணி பொறந்ததும் நீயே கொண்டாந்து வுட்டுடணும்."

"அதான் சொன்னேனே, அம்மா..."

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். ஆவணிக்கு மேல ஒருநாள்கூட அங்க தங்கமாட்டேன்."

நான் சொம்பைக் கீழே வைத்தேன். கோவிந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை, வெல்லத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.  வாசலில் நின்ற சவரியம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "அடிப்பாவி, சொல்லிட்டாளே" என்றாள்.

பச்சையம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"பாதிதான சொன்னேன்."